வைட்டமின் சி: சமையலறையில் தொலைக்காமல் தட்டுக்குக் கொண்டுவருவது எப்படி

புளிப்பாக இருப்பதிலெல்லாம் வைட்டமின் சி இருக்கிறது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். நாம் தினமும் கரைக்கும் புளியில் அது ஏறக்குறைய இல்லை. புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலத்தால் வருவது. மோரின் புளிப்பு லாக்டிக் அமிலம். அரைநெல்லி பல்லைக் கூச வைக்கும், ஆனால் பெருநெல்லியில் இருப்பதில் சிறு பங்குகூட அதில் கிடையாது. இனிக்கும் கொய்யாவிலோ 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அதனால் நாக்கை நம்பி வாங்காதீர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் தந்த பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65, கர்ப்பிணிக்கு 80, பாலூட்டும் தாய்க்கு 115. புகைபிடிப்பவர்களின் உடம்பில் இது வேகமாகச் செலவாகும்; அவர்களுக்கு இன்னும் 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும்.

இதைக் கடைக் கணக்கில் பார்ப்போம். நடுத்தர அளவு கொய்யாவில் பாதி போதும், அன்றைய தேவை முடிந்தது. பெருநெல்லி ஒன்று, பப்பாளி ஒரு கிண்ணம் என்றாலும் சரி. எலுமிச்சைதான் ஏமாற்றும். ஒரு பழத்தைப் பிழிந்தால் 25, 30 மில்லி சாறு வரும், அதில் 10 முதல் 15 மில்லிகிராம்தான். ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு அன்றைய வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்கும் ஆப்பிளில் 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் இருந்தால் அதிகம். அதே காசுக்குக் கொய்யா வாங்கிப் போகலாம்.

ஆடும் மாடும் நாயும் தங்கள் ஈரலிலேயே வைட்டமின் சி செய்துகொள்ளும். அதைச் செய்ய உதவும் மரபணு மனிதனின் மூதாதையரிடமே பழுதாகிப் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. நீரில் கரையும் சத்து என்பதால் அதிகமாகத் தின்றாலும் சிறுநீரில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கொய்யா தின்பதைவிடத் தினமும் ஒரு துண்டு தின்பதே உடம்பில் ஒட்டும்.

கீரையில் எப்படிக் காப்பாற்றுவது

முருங்கைக்கீரையிலும் அகத்திக்கீரையிலும் பச்சையாக 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறையாது. அது தட்டுக்கு வருவதற்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. தண்ணீர், சூடு, காற்று மூன்றும் அதற்கு எதிரி.

கீரையை முழு இலையாகவே கழுவுங்கள். நறுக்கிய பிறகு தண்ணீரில் ஊறப்போட்டால் வெட்டுவாய் வழியே சத்து கரைந்து இறங்கிவிடும். நறுக்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். இலை நசுங்கியதும் அதிலிருக்கும் நொதி (என்சைம்) காற்றோடு சேர்ந்து வைட்டமினைச் சிதைக்கத் தொடங்கும். முதல்நாள் இரவே அரிந்து ஃபிரிட்ஜில் வைப்பதில் நடக்கும் இழப்பு இதுதான். ஒரு கட்டுக் கீரைக்குக் கால் டம்ளர் தண்ணீர் போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே கீரையைப் போடுங்கள், அந்தச் சூட்டில் நொதி உடனே செயலிழக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைத்துவிடும். மென்மையான கீரை என்றால் நான்கைந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். மிஞ்சிய தண்ணீரைக் கொட்டாமல் கடையும்போதே சேர்த்துவிடுங்கள்.

பச்சை நிறம் மாறாமல் இருக்க ஆப்ப சோடா போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். காரத்தன்மையில் வைட்டமின் சி மிக வேகமாக அழியும். செம்புப் பாத்திரமும் அப்படித்தான், செம்பு அந்தச் சிதைவைத் தூண்டிவிடும். செம்புச் சொம்புத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பது இரட்டைக் கேடு: வைட்டமினும் போகும், புளிப்பில் செம்பும் கரைந்து வரும். ஈயம் பூசிய பித்தளையில் பூச்சு தேயாத வரை இந்தத் தொல்லை இல்லை.

நெல்லிக்காயைத் துவையலாகவோ, அரைத்து மோரில் கலந்தோ உடனே சாப்பிடுவதுதான் சிறந்தது. பருவத்தில் மலிவாகக் கிடைக்கும்போது கொட்டை நீக்கித் துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்தால் சத்து அவ்வளவாகக் குறையாது. பாகில் நெடுநேரம் கொதித்த தேன்நெல்லியைத் தின்பண்டமாகவே கணக்கில் வையுங்கள். பழம் கிடைக்காத நாளில் பச்சைப்பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றரை நாள் வையுங்கள். உலர்ந்த பயறில் இல்லாத வைட்டமின் சி முளைவிடும்போது உண்டாகி, 100 கிராமுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டும்.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

வடித்த தண்ணீரோடு சத்து போகிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சோற்றுக்கஞ்சியைக் கலந்து நன்றாக ஆறவிடுங்கள். அதில் அரை டம்ளர் எடுத்து, காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் திரவத்தை (களிம்பு வேண்டாம்) ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள். நீல நிறம் வரும். இப்போது வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே எண்ணுங்கள். பத்து இருபது சொட்டுக்குள் நீலம் சட்டென்று மறைந்து தண்ணீர் வெளுத்துவிடும். இன்னொரு டம்ளரில் இதே கலவையைத் தயாரித்து, முட்டைக்கோஸ் வேகவைத்து வடித்து ஆறிய தண்ணீரை விடுங்கள். சொட்டு அதிகம் பிடிக்கும், ஆனால் நீலம் போகும். தொட்டியில் கொட்ட இருந்த தண்ணீர் அது.

நீலமே வரவில்லை என்றால் கஞ்சி இன்னும் சூடாக இருக்கிறது. சூட்டில் அந்த நிறம் நிற்காது. எல்லா டம்ளரிலும் அயோடின் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பயனில்லை. வேறு சில பொருள்களும் அயோடினை வெளுக்கும் என்பதால் இதை வைத்து மில்லிகிராம் கணக்குப் போடாதீர்கள். சோதித்த தண்ணீரைக் குடிக்கவும் கூடாது.

எப்போது சாப்பிடுவது

கேழ்வரகு, பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதே வேளையில் 50 மில்லிகிராம் வைட்டமின் சி சேர்ந்து போனால், குடல் உறிஞ்சும் இரும்பின் அளவு இரண்டு மூன்று மடங்குவரை கூடலாம். அந்த 'அதே வேளை' மிக முக்கியம். மதியம் கீரை சாப்பிட்டுவிட்டு மாலையில் கொய்யா தின்றால் இந்த லாபம் கிடைக்காது. சோகையுள்ள பெண்கள் சாப்பாட்டோடு கால் கொய்யாவோ நெல்லித் துவையலோ வைத்துக்கொள்ளட்டும். டீ, காபிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அவை இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். எலுமிச்சை ரசத்துக்கு அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு பிழியுங்கள், கசப்பும் ஏறாது.

மாத்திரை

ஒழுங்காகப் பழம் சாப்பிடும் ஒருவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை தேவையில்லை. ஒரு கிராமுக்கு மேல் போனால் உடம்பு பாதியைக்கூட உறிஞ்சாது. நாளுக்கு 2000 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கான உச்சவரம்பு. அதைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிக அளவு மாத்திரையைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் மிஞ்சியதில் ஒரு பகுதி, கல் உருவாகக் காரணமான ஆக்சலேட்டாக மாறும். தலசீமியா போல உடம்பில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களும், ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் பரம்பரைக் கோளாறு) உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சவைக்கும் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக் கரைத்தால் பல் எனாமல் அரிக்கும். சளி பிடித்த பிறகு விழுங்குவதால் பலன் இருப்பதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. தினமும் எடுத்து வருபவர்களுக்குச் சளி கொஞ்சம் சீக்கிரம் விடும், பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம். ஒரு வாரச் சளியில் அரை நாள்.

கவனிக்க வேண்டியவர்கள்

வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி, பழைய கப்பலோட்டிகளோடு போய்விட்ட நோய் என்று நினைக்க வேண்டாம். 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து மாலுமிகளைத் தேற்றினார். இன்று அதே நோய் வேறு வீடுகளில் ஒளிந்திருக்கிறது. கஞ்சியும் பிஸ்கட்டுமாகத் தனியே வாழும் முதியவர், சாப்பாட்டை விட்டுக் குடிப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், பாலும் பிஸ்கட்டும் தயிர்சாதமும் தவிர எதையும் தொடாத குழந்தை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இந்தப் பிடிவாதம் அதிகம். காய்ச்சிய பாலில் வைட்டமின் சி இல்லையென்றே சொல்லலாம்.

ஒன்றிலிருந்து மூன்று மாதம் அறவே இல்லாமல் போனால் அறிகுறி தொடங்கும். முதலில் அசதி, கால்வலி. பிறகு ஈறு வீங்கித் தொட்டாலே ரத்தம் வரும், காலில் ரோமக்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் தெரியும், பழைய காயம் ஆறாது. திசுக்களைப் பிணைக்கும் கொலாஜன் உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும் என்பதால்தான் இத்தனையும் நடக்கிறது. குழந்தை திடீரென்று நொண்டினாலோ, நடக்க மறுத்துத் தூக்கச் சொல்லி அழுதாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அது என்னென்ன சாப்பிடுகிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். காரணம் ஸ்கர்வி என்றால், சிகிச்சை தொடங்கிய ஓரிரு நாளிலேயே வலி குறைய ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் ஈறு ரத்தம் நிற்கும்.