கடலோரக் காலனியக் கோட்டையில் தோண்டாமல் மண்ணுக்கடியைப் பார்ப்பது எப்படி?

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை, கடலை ஒட்டிய மணலில் நிற்கிறது. இதுபோன்ற இடத்தில், மண்ணுக்குள் அலையை அனுப்பி எதிரொலியைத் திரையில் காட்டும் ரேடாரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். உப்புநீர் ரேடார் அலையை விழுங்கிவிடும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே திரை வெறுமையாக இருந்தால், அங்கே சுவரே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

தொல்லியல் துறையின் அனுமதி கைக்கு வந்ததும் பழைய வரைபடங்களை இன்றைய நிலப்படத்தோடு பொருத்துங்கள். பிறகு 20 மீட்டர் சதுரக் கட்டங்களை அளந்து, மூலைகளில் மரமுளை அடியுங்கள், இரும்பாணி ஆகாது.

முதலில் காந்தமானி: மண்ணுக்கடியில் இருப்பவை நிலக்காந்தத்தில் உண்டாக்கும் சிறு மாற்றங்களை அளக்கும் கருவி. ஒரு மீட்டருக்கு ஒரு வரிசை, சுவர் தெரியும் இடத்தில் அரை மீட்டர். ஒவ்வொரு வரிசையிலும் 12.5 செ.மீ.க்கு ஓர் அளவு. நடப்பவரிடம் சாவி, பெல்ட் கொக்கி, கைபேசி எதுவும் இருக்கக் கூடாது. சூளையில் வெந்த செங்கல் தனக்கென ஒரு காந்தத் திசையைப் பிடித்துவைத்திருக்கும். சுவரில் செங்கற்கள் பல திசையில் அடுக்கப்படுவதால் அவற்றின் காந்தம் ஓரளவு ஒன்றையொன்று அழித்து, அளவுகளை வரைந்த படத்தில் புள்ளிபுள்ளியான கோடாகத் தெரியும். எரிந்த இடத்திலேயே நிற்கும் அடுப்போ சூளையோ அப்படியல்ல, ஒரே திசையில் பலமாக எழும். கறுப்பும் வெள்ளையும் ஒட்டிய சிறு இரட்டைப்புள்ளி பெரும்பாலும் இரும்பு: பீரங்கிக் குண்டாகவும் இருக்கலாம், நேற்றைய படகு ஆணியாகவும் இருக்கலாம். கம்பிவேலி, மின்கம்பம் அருகே கிடைக்கும் அளவுகளைத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து மின்தடை: மண்ணில் ஊன்றிய முனைகள் வழியே மின்சாரம் பாய்ச்சி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. கட்டத்துக்குள் இடம் மாற்றிக்கொண்டே போகும் நகரும் முனைகளுக்கிடையே 0.5 மீட்டர் இருந்தால், ஓரிடத்திலேயே ஊன்றிவைக்கும் நிலைமுனைகள் குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மணலில் ஈரம் மிச்சமிருக்கும் தை, மாசியே ஏற்ற காலம். சித்திரையின் காய்ந்த மணலில் முனை சரியாகப் பிடிக்காமல் எண்கள் துள்ளும். செங்கல் சுவர் அதிகத் தடை காட்டும், வண்டல் நிரம்பிய அகழி குறைவாகக் காட்டும். கல்லைப் பிடுங்கி எடுத்துப்போன அடித்தளக் குழி மட்டும் ஏமாற்றும்: உள்ளே இடிபாடு இருந்தால் ஒருவிதம், வண்டல் இருந்தால் நேர்மாறு.

இவை இரண்டும் காட்டிய இடத்தில், நீர்மட்டத்துக்கு மேலே மட்டும், 400 மெகாஹெர்ட்ஸ் ரேடாரை 25 செ.மீ. இடைவெளியில் ஓட்டுங்கள். அலைவேகம் காய்ந்த மணலில் நானோவினாடிக்குச் சுமார் 15 செ.மீ., நனைந்த மணலில் சுமார் 6. புதைந்த பொருளின் எதிரொலி திரையில் வரையும் வளைவை வைத்து வேகத்தை அங்கேயே கணக்கிடாவிட்டால் ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் பிசகும்.

கட்ட மூலைகளின் ஆயத்தொலைவுகளைத் துல்லிய ஜிபிஎஸ்ஸில் பதிந்த பிறகே முளைகளைப் பிடுங்குங்கள்.