தோட்டத்து வீட்டுக்குத் துணைக்கோள இணையம் தேவையா? வாங்கும் முன் அளந்து பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அக்கா குடும்பம் இருக்கிறது. வீட்டைச் சுற்றிலும் செம்பனை. அக்கா மகள் இணையவழியில் டிப்ளோமா படிக்கிறாள். இரவு வகுப்பு தொடங்கினால் படம் அப்படியே நின்றுவிடும், குரல் விட்டு விட்டு வரும். "மாமா, கூரையில தட்டு வச்சா சரியாயிடும்ல?" என்று கேட்டாள். அவள் சொன்னது ஸ்டார்லிங்க் என்ற துணைக்கோள இணையத்தின் தட்டை. அதற்காக மூன்று வார இறுதிகள் அங்கே போய் அளந்து பார்த்தேன். நான் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: இருக்கிற சிக்னலை அளந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில், சிம் நிலை என்ற பகுதியில் சிக்னல் அளவு டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) கணக்கில் இருக்கும். மைனஸ் 90 என்றால் நல்லது. மைனஸ் 110க்கும் கீழே போனால் கஷ்டம்தான். வீட்டுக்குள் ஒரு முறை, வாசலில் ஒரு முறை, ஏணி வைத்துக் கூரை உயரத்தில் ஒரு முறை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தகரக் கூரை சிக்னலை நன்றாகவே தடுக்கும். உள்ளே ஒன்றுமில்லாத வீட்டில் வாசலில் நல்ல சிக்னல் இருக்கலாம்.

பக்கத்து வீட்டாரிடம் வேறு நிறுவனங்களின் சிம் இருந்தால் அதையும் சோதியுங்கள். காலை 10 மணிக்கு ஒரு தடவை, இரவு 9 மணிக்கு ஒரு தடவை வேகம் பாருங்கள். வெளியே இரவிலும் வேகம் இருந்தால், வெளி ஆன்டெனா வைத்த 4ஜி ரவுட்டரே போதும். சிக்னல் பலமாக இருந்தும் இரவில் மட்டும் வேகம் விழுந்தால் கோபுரத்தில் நெரிசல். அதற்கு ஆன்டெனா உதவாது.

ஃபைபர் உங்கள் முகவரிக்கு வந்துவிட்டதா என்று அரசின் இணைய விரிவாக்கத் திட்டமான ஜென்டேலாவின் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். வந்திருந்தால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

படி 2: வானத்தைப் பாருங்கள்

தோட்டத்து வீடுகளுக்கு முடிவைச் சொல்வது இந்தப் படிதான். "ஆஸ்ட்ரோ டிவி தட்டு வேலை செய்யுதே, இதுவும் செய்யும்" என்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்ட்ரோவுக்கான துணைக்கோளம் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நமக்கு ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். அந்தத் திசையில் ஒரு சந்து கிடைத்தால் போதும். ஸ்டார்லிங்க் துணைக்கோளங்கள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தாழ்வாக இருப்பதால்தான் வீடியோ அழைப்பில் தாமதம் குறைவு. ஆனால் ஓடுகிறவற்றைத் துரத்திப் பிடிக்கத் தட்டுக்கு அகலமான வானம் வேண்டும். ஒரு பனை ஓலை குறுக்கே வந்தாலும் அழைப்பு சில விநாடிகள் அறுந்து அறுந்து வரும்.

ஸ்டார்லிங்க் செயலியை இலவசமாக இறக்கி, தட்டு வைக்கப்போகும் இடத்தில் நின்று கேமராவால் வானத்தை ஒரு சுற்று காட்டினால் மறைப்பு எங்கே என்று அதுவே சொல்லும். கண்ணளவில் என் கணக்கு இது: தட்டுக்கு மேலே மரம் 10 மீட்டர் நின்றால், அது 15 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். செம்பனை வருடா வருடம் உயரும். இன்று சரியாக இருப்பது மூன்று வருடத்தில் மறையலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள். திடல் பக்கம் திறந்த வானம் இருந்தால் அங்கே கம்பம் நடலாம், ஆனால் கேபிள் எட்டுமா என்று முதலில் அளக்கவேண்டும்.

படி 3: கூரை யாருடையது?

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்றால் ஆணி அடிக்கும் முன் அலுவலகத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

படி 4: காசுக் கணக்கு

2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் இங்கே வந்தபோது சாதனம் 2,300 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 220 வெள்ளி. அந்தக் கணக்கில் முதல் வருடச் செலவு 4,940 வெள்ளி. விலை மாறிக்கொண்டிருக்கும், அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் 220 என்பது எட்டில் ஒரு பங்கு. ஒரு பிள்ளையின் படிப்போ ஒருவரின் வேலையோ இதை நம்பி இருந்தால் நான் செலவு செய்யச் சொல்வேன். படம் பார்க்க மட்டும் என்றால் வேண்டாம். சாதனம் 75 வாட் இழுத்தால் மாதம் 54 யூனிட் மின்சாரமும் ஏறும்.

படி 5: மழையும் இடியும்

சாயங்காலம் கொட்டும் கனமழையில் இணைப்பு சற்று நேரம் போகும், அப்புறம் தானாக வந்துவிடும். இடி நெருங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் போனால் இணையமும் போகும்.

அக்கா வீட்டில் இரண்டாம் படியிலேயே தட்டு வைக்கும் யோசனை நின்றுவிட்டது. பின்பக்கத்து மரங்கள் கூரைக்கு மேலே பாதி வானத்தை மறைக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியின் சிம் வாசலில் இரவிலும் நன்றாக எடுத்தது. அதே நிறுவனத்தின் சிம்மோடு ரவுட்டர் வாங்கி, ஆன்டெனாவை வாசல் தூணில் கட்டினோம். 9 மணி வகுப்பு இப்போது அறுபடாமல் ஓடுகிறது. பின்பக்கத்து மரங்களுக்கு 24 வயது, மறுநடவுக்கு வெட்டும் காலம் நெருங்கிவிட்டது. அவை சாய்ந்த பிறகு அதே இடத்தில் நின்று மறுபடி வானத்தைப் பார்க்கப்போகிறோம்.