தேற்றத்தில் ஒரு நிபந்தனையைப் பிடுங்கிப் பாருங்கள்

மும்பை மாதுங்காவில் என்னிடம் பி.எஸ்சி. கணக்கு படிக்க வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "சார், இவ்வளவு நிரூபணத்தையும் எப்படி மனப்பாடம் பண்றது?" பண்ணவே வேண்டாம். தேற்றத்தில் ஒரு நிபந்தனையை எடுத்தோ மாற்றியோ, நிரூபணம் எந்த வரியில் விழுகிறது என்று பாருங்கள்.

√2 விகிதமுறா எண் என்ற நிரூபணம் பள்ளியிலேயே படித்ததுதான். √2 = ப/க, இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. ப² = 2க². எனவே ப² இரட்டைப்படை, எனவே ப இரட்டைப்படை, அப்புறம் க-வும் இரட்டைப்படை, முரண்பாடு. புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். வந்துவிட்டதா? சரி, இப்போது 2 இருந்த இடத்தில் 4 போட்டு வரிக்கு வரி ஓட்டுங்கள். √4 விகிதமுறு எண் என்று தெரியும், ஆகவே எங்கோ ஒரு வரி உதைத்தே ஆக வேண்டும். ப² நான்கால் வகுபடும், சரி. 'எனவே ப நான்கால் வகுபடும்' என்ற இடத்தில் உதைக்கிறது: ப = 2 என்றால் ப² வகுபடும், ப வகுபடாது.

இதோடு விடாதீர்கள். 3, 5 பகா எண்கள், அந்த வரி நிற்கும். 6 பகா எண் இல்லை, அப்போதும் நிற்கும். 12 போட்டால் விழுந்துவிடும் (ப = 6 வைத்துப் பாருங்கள்), ஆனால் √12 விகிதமுறா எண்தான்! நிரூபணம் விழுந்ததே தவிர தேற்றம் விழவில்லை. எப்படி ஒட்டுப்போடலாம்? 12-ஐ விட்டுவிட்டு 3-ஆல் வகுபடுவதைப் பாருங்கள்.

பெரிய கணிதத்திலும் உயிர் நிபந்தனையில்தான் இருக்கிறது. சென்னை லொயோலா கல்லூரியில் பாதிரியார் ரசீனிடம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1953-இல் இங்கே மும்பையில் டி.ஐ.எஃப்.ஆரில் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்கள். 1965-இல் வெளியான அவர்கள் தேற்றம், ரீமன் பரப்பின் மேலுள்ள வெக்டர் பண்டில்களையும் அப்பரப்பின் அடிப்படைக் குலத்தின் பகுக்க முடியாத யூனிட்டரி உருவகிப்புகளையும் இணைக்கிறது. எல்லா பண்டிலுக்கும் அல்ல. டிகிரி பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாது, 'ஸ்டேபிள்' ஆகவும் இருக்க வேண்டும். டிகிரி 1, −1 உள்ள இரண்டு லைன் பண்டில்களைச் சேர்த்தால் டிகிரி பூஜ்யம்தான், ஆனால் எந்த யூனிட்டரி உருவகிப்பிலிருந்தும் அது வராது. இப்போது புரியாவிட்டால் தாண்டிப் போங்கள், எம்.எஸ்சி.க்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

லோக்கல் ரயிலில் நெருக்கியடித்து வருகிறவர்கள் நோட்டைத் திறக்க முடியாது. ஏறும்போது ஒரே ஒரு நிபந்தனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய இடைவெளியில் (இரு முனைகளும் சேர்ந்தது) தொடர்ச்சியான சார்பு வரம்புள்ளது. 'மூடிய' என்பதை எடுத்துவிட்டால்? தாதர் வருவதற்குள் 0-க்கும் 1-க்கும் இடையே 1/ப அகப்பட்டுவிடும். இறங்கியதும் தேற்றத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.

தொகையீட்டுக் கணக்குகளுக்கு இது உதவாது. அதைப் போட்டுப் போட்டுத்தான் பழக வேண்டும்.