ஒற்றி என்று பேசி அறுதியில் கையொப்பம் வைக்காதீர்கள்

மாரி விதைப்புக்கோ மகளின் கல்யாணத்துக்கோ காசு முட்டும்போது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் முதலில் வாயில் வரும் சொல் ‘ஒத்தி’. எழுத்தில் ஒற்றி. கடன் வாங்கியவர் தன் காணியைக் கடன் கொடுத்தவரின் கையில் விடுகிறார். அவர் வட்டி கேட்பதில்லை, விளைச்சலை எடுக்கிறார். கடனின் முதல் திரும்பிய அன்று காணியும் திரும்புகிறது. இடையில் எத்தனை போகம் போனாலும் காணியின் சொந்தம் கை மாறுவதில்லை. இந்தக் கடைசி வரிதான் ஒற்றியின் உயிர்.

இதோடு குழம்பும் சொற்கள் மூன்று. ஈடு என்றால் காணி உடையவரிடமே இருக்கும், கடனுக்கு வட்டி ஓடும். குத்தகை என்றால் கொடுத்த காசு திரும்பாது, தவணை முடிந்ததும் காணி மட்டும் திரும்பும். அறுதி என்றால் விற்பனை. அதோடு எல்லாம் முடிந்தது. ‘மூன்று வருஷத்துக்கு ஒத்தி’ என்று வாய் சொல்ல, தாளில் ‘குத்தகை’ என்று இருந்தால், கொடுத்த 5 இலட்சத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லை. நீதிமன்றம் முதலில் பார்ப்பது தாளைத்தான்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, ஒற்றிக்குப் பதில் அறுதி உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுதுவது. “மச்சான், ஒரு பாதுகாப்புக்குத்தான் அறுதி. காசத் தந்தா அடுத்த நாளே திருப்பி எழுதித் தருவன்” என்ற பேச்சை நம்பிக் கையொப்பம் வைக்கிறார்கள். அந்தக் கணமே சட்டப்படி காணி போய்விடுகிறது. காசு கொடுத்தவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். அவர் இறந்தால் பிள்ளைகளின் கையில் இருப்பது விற்பனை உறுதி ஒன்றுதான், வாய்ப்பேச்சு அவர்களுக்குத் தெரியாது. இப்படி ஏற்கெனவே எழுதியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி, காணியின் பயனை உண்மையில் விட்டுக்கொடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று சூழ்நிலைகளைக் கொண்டு காட்டலாம். விலை சந்தைப் பெறுமதியை விட மிகக் குறைவா, எழுதிய பிறகும் காணியில் இருந்தது யார், வரி கட்டியது யார், உறுதி எழுதிய நொத்தாரிசுக்குக் கூலி கொடுத்தது யார் என்பவற்றை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். அதற்குள் காசு கொடுத்தவர் இதெல்லாம் தெரியாத ஒருவருக்கு நேர்மையான விலைக்கு விற்றுவிட்டால், காணியை மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

‘இத்தனை வருஷத்துக்குள் காசு கொடுத்தால் மீள எழுதித் தருவேன்’ என்று உறுதியிலேயே எழுதும் நிபந்தனை அறுதி இதைவிடச் சற்று மேல். அதிலும் காலக்கெடு கத்தி மாதிரி. ஒரு நாள் பிந்தினாலும் மீட்கும் உரிமை அறும். காசு புரளாது என்று தெரிந்தால், கெடு முடியுமுன்பே, கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் இணக்கும் அரச அமைப்பான கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

‘தமிழர் காணிக்குத் தேசவழமை’ என்று நினைப்பது இன்னொரு பிழை. தேசவழமை ஒற்றிக்கெனத் தனி விதிகள் வைத்திருப்பது உண்மை. ஆனால் அது வட மாகாண மலபார் வாசிகளுக்கான (பழைய சட்டச் சொல்லில் அங்குள்ள தமிழருக்கான) சட்டம். மட்டக்களப்புத் தமிழரை ஆள்வது நாட்டின் பொதுச் சட்டம். இங்கு முன்பு வழங்கிய முக்குவர் சட்டமும் இன்று நடைமுறையில் இல்லை. யாழ்ப்பாணத்து உறவினர் தங்கள் ஊர் வழக்கை வைத்துச் சொல்லும் ஆலோசனையை இங்குள்ள வயலுக்குப் பொருத்த வேண்டாம்.

வெற்றுத் தாளிலோ முத்திரை ஒட்டிய தாளிலோ எழுதி, வயல் வேலைகளைப் பார்க்கும் வட்டவிதானையைச் சாட்சி வைத்தால் போதும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்பதோ ஈடு வைப்பதோ பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். இல்லாவிட்டால் காசு வெறும் கைக்கடனாக நிற்கும், காணி பிணையாகாது. எழுத்திலான அந்தக் கடனுக்கும் 6 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

உறுதி எழுதியதும் பதிவு தானாக நடந்துவிடும் என்பது படித்தவர்களும் விடும் பிழை. நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது உறுதியின் இணைப்பிரதி (இரட்டைப் பிரதி). காணியின் ஏட்டில் அதைப் பதிவது வேறு வேலை, அதைக் கேட்டுச் செய்விக்க வேண்டும். ஒரே காணியை இருவருக்கு எழுதிக் கொடுத்தால், 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டப்படி, மோசடி இல்லாத வரை, முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை. காசை எண்ணுமுன் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பதிவகங்களில் காணிக்கு உரியது எதுவோ அங்கே போய், குறைந்தது 30 வருஷத்துப் பதிவுகளைப் பாருங்கள். யுத்தத்திலோ சுனாமியிலோ உறுதி அழிந்தவர்களும் அந்த இணைப்பிரதியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம்.

உறுதியில் யார் பெயர் என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால், ஒற்றி பேச வரும் மருமகனுக்குக் காணியில் உரிமையே இல்லாமல் இருக்கலாம். வாயால் சீதனம் கொடுத்து, உறுதி இன்னும் மாமனார் பெயரிலேயே கிடப்பதும் உண்டு. உறுதியில் பெயருள்ளவர் கையொப்பம் வைக்காத ஒற்றி ஒற்றியே அல்ல.

கல்லோயாத் திட்டம் போன்ற குடியேற்றங்களில் பேர்மிட்டிலோ (அரச அனுமதிப் பத்திரம்) அளிப்புப் பத்திரத்திலோ கிடைத்த காணி வேறு கதை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதை நினைத்தபடி கை மாற்ற விடாது. சட்டத்தை மீறிய கைமாற்றம் செல்லுபடியற்றது. கடன் கொடுத்தவருக்குப் பிணை இல்லை, பேர்மிட்காரர் பேர்மிட்டையே இழக்கவும் நேரலாம். முதலில் பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவில் கேளுங்கள்.

“பத்து வருஷம் ஆண்டிட்டன், இனிக் காணி என்ட” என்று ஒற்றிக்கு எடுத்தவர் சொன்னால் பயப்படத் தேவையில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்லும் 10 வருஷ ஆட்சி, சொந்தக்காரரின் உரிமையை மறுத்து நடத்தும் ஆட்சி. ஒற்றியின் பேரில் உள்ளே வந்தவர் உங்கள் அனுமதியோடு இருப்பவர். அவர் வெளிப்படையாக உரிமையை மறுத்த நாளுக்கு முன் அந்தக் கணக்குத் தொடங்காது. அப்படி மறுத்தால் மட்டும் சும்மா இராமல் உடனே எழுத்தில் பதில் கொடுத்துச் சட்டத்தரணியிடம் போங்கள். ‘தவணைக்குள் கட்டாவிட்டால் காணி எனக்கே’ என்ற வரியும் செல்லாது. கடன் கொடுத்தவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, காணியை விற்றுக் கடனை எடுக்கலாம். தானே வைத்துக்கொள்ள முடியாது.

காசைக் கட்டி வயலில் இறங்கிவிட்டால் மீட்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கடன் தீர்ந்ததென நொத்தாரிசு முன் விடுதலை எழுதி, ஒற்றி பதிந்த அதே ஏட்டில் அதையும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை வங்கியில் கடன் கேட்கப் போகும்போது, என்றோ தீர்ந்த ஒற்றி ஏட்டில் உயிரோடு நிற்கும்.