லீட் கிரீன் அசோசியேட் தேர்வு: உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

பசுமைக் கட்டடத் திட்டங்களில் வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தேர்வைத்தான். பொறியியல் பட்டம் தேவையில்லை, முன் அனுபவமும் கேட்பதில்லை. 18 வயது நிறைந்திருந்தால் போதும். லீட் என்பது பசுமைக் கட்டடங்களை மதிப்பிடும் முறை; அதன் சான்றிதழ் கட்டடத்துக்குத் தரப்படுவது. நீங்கள் எழுதப்போவதோ உங்கள் அறிவைச் சோதிக்கும் தேர்வு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1. கையேட்டைப் பாருங்கள். இந்தத் தேர்வை நடத்தும் ஜிபிசிஐ அமைப்பு தேர்வர் கையேட்டை இலவசமாகத் தருகிறது. தேர்வு லீட் முறையின் எந்தப் பதிப்பை ஒட்டியது என்று முதலில் பாருங்கள். ஐந்தாம் பதிப்பு 2025இல் வந்துவிட்டதால், பழைய குறிப்புகளை நம்பி உட்காராதீர்கள்.

2. புள்ளிக் கணக்கு. மொத்தம் 110. கட்டடம் 40 எட்டினால் சான்று, 50 வெள்ளி, 60 தங்கம், 80 பிளாட்டினம்.

3. முன்நிபந்தனைகள். இங்கே நிதானமாகப் படியுங்கள். முன்நிபந்தனைக்குப் புள்ளியே கிடையாது. ஆனால் ஒன்று தவறினாலும், எத்தனை புள்ளி சேர்த்திருந்தாலும் சான்று கிடைக்காது. பலர் சறுக்குவது இதில்தான்.

நான்காம் பதிப்பின்படி, கட்டடத்துக்குள் நீர்ச் செலவு அடிப்படை அளவைவிட 20 விழுக்காடு குறைய வேண்டும். கழிப்பறைக்கு அடிப்படை அளவு ஒரு ஃப்ளஷ்ஷுக்கு 6 லிட்டர். 4.8 லிட்டர் தொட்டி வைத்தால் 1.2 லிட்டர் மிச்சம்; அந்தக் கழிப்பறை மட்டில் சரியாக 20 விழுக்காடு.

இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். தொட்டியின் மூடியைத் திறந்து, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். தொட்டிக்கு வரும் குழாயை மூடிவிட்டு ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். பிறகு ஒரு லிட்டர் குவளையால் கோடு வரை ஊற்றி எண்ணுங்கள். ஒன்பது, பத்து என்று எண்ணிக்கை ஏறும்போது இந்த நிபந்தனை ஏன் வந்தது என்பது கைக்கே புரியும்.

அடுத்து, அலுவலக வாசலில் டேப் பிடியுங்கள். வாசல், திறக்கும் சன்னல், காற்று உள்வாங்கும் இடம் ஆகியவற்றிலிருந்து 25 அடிக்குள் புகைபிடிக்கக் கூடாது என்பதும் ஒரு முன்நிபந்தனை. அந்தத் தூரத்தை ஒருமுறை நடந்து பார்த்தால் மறக்காது.

4. தேர்வு நாள். 100 வினாக்கள், 2 மணி நேரம். மதிப்பெண் அளவுகோல் 125 முதல் 200 வரை, தேர்ச்சிக்கு 170. இதை நூற்றுக்கு எண்பத்தைந்து என்று கணக்கிட்டுப் பயந்துவிடாதீர்கள். எந்த வினாவையும் விடாமல் விடை குறியுங்கள்.

5. தேர்ச்சிக்குப் பிறகு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும்; அதில் 3 மணி நேரம் லீட் தொடர்பானது. கடைசி மாதத்தில் அலையாமல், முதல் வகுப்பிலிருந்தே தேதியோடு குறித்து வையுங்கள்.