மின் கட்டணம் திடீரென்று உயர்ந்தால்

கட்டணம் எதிர்பாராமல் உயர்ந்திருந்தால், மீட்டரில் இப்போதுள்ள அளவைக் கணக்கெடுத்தபோது பதிந்த அளவோடு முதலில் ஒப்பிடுங்கள். இப்போதைய அளவு குறைவாக இருந்தால், பிழை கணக்கெடுப்பில்தான். தமிழ்நாட்டில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும்போது, முந்தைய யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை கூடுவதால், சிறிய மிகுதிகூடத் தொகையைப் பெரிதாக்கிவிடும்.

அடுத்து, மெயினை அணைக்காமல், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாச் சாதனங்களின் இணைப்பையும் துண்டித்துவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சிறு சிவப்பு விளக்கை 10 நிமிடம் கவனியுங்கள். அப்போதும் சிமிட்டினால் மின்கசிவு இருக்கலாம். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால், தேர்ந்த எலக்ட்ரீஷியனை உடனே அழையுங்கள். நின்றுவிட்டால், ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். 2000 வாட் கீசர் தொடர்ந்து சூடேறினால் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட் போய்விடும். ஃபிரிட்ஜ் கதவில் செருகி மூடிய காகிதம் இழுத்ததும் வழுக்கி வந்தால், ரப்பரை மாற்றுங்கள்.