பங்கை விக்க மனம் வராட்டி இப்பிடிக் கேட்டுப் பாருங்கோ

கையில இருக்கிற பங்கை விக்கிறதா வேண்டாமா எண்டு குழம்பினா, வாங்கின விலையை ஒருக்கா மறந்திட்டு "இண்டைக்கு இவ்வளவு காசு கையில இருந்தா இதே பங்கை இதே விலைக்கு வாங்குவனோ?" எண்டு கேளுங்கோ, இல்லையெண்டா வித்திடுங்கோ. நீங்கள் 180க்கு வாங்கினதோ அப்பா ஆசையா எழுதித் தந்ததோ கொழும்புப் பங்குச் சந்தைக்குத் தெரியாது, அந்தக் கொம்பனி இனி உழைக்கப்போறதுதான் கணக்கு. டானியல் கானமன் எண்ட உளவியலாளரும் அவரோட சேந்தவையும் 1990 இல வெளியிட்ட ஆய்வில, சும்மா குடுத்த கோப்பைக்கே வச்சிருந்தவை, வாங்க வந்தவை சொன்னதை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டவை, வருசக்கணக்கா வச்சிருந்த பங்கெண்டா சொல்லவும் வேணுமோ.

ஆனா சந்தை விழுந்த அண்டைக்கே பதட்டத்தில இதைக் கேக்காதேங்கோ, காலாண்டு அறிக்கையைப் பாத்திட்டுக் கேளுங்கோ. வாங்க ஆளில்லாத சின்னப் பங்குகளுக்கும் இது சரிவராது, திரையில காட்டிற விலைக்கு அதை விக்கேலாது.